மூன்றாவது தூண்: வார்சா எதை மீட்டது, எதை விட்டது

வார்சா அரண்மனையின் சுவரையொட்டி இரண்டு கல் தூண்கள் உடைந்து கிடக்கின்றன. அவற்றை நிமிர்த்தி நிறுத்தும் எண்ணம் யாருக்கும் இல்லை. சற்றுத் தள்ளி, சதுக்கத்தின் நடுவே, மூன்றாவது தூண் நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு கையில் சிலுவையும் மறு கையில் வாளுமாக மன்னர் மூன்றாம் சிகிஸ்மண்டின் வெண்கலச் சிலை. தந்தைக்காக இந்த நினைவுத்தூணை 1644இல் எழுப்பியவர் அடுத்துப் பட்டத்துக்கு வந்த மகன். முதல் தூண் வெயிலிலும் பனியிலும் நைந்துபோனதால் 1887இல் கிரானைட் தூண் ஒன்றைச் செதுக்கி மாற்றினார்கள். 1944 செப்டம்பர் தொடக்கத்தில் ஜெர்மானியத் தாக்குதலில் அதுவும் முறிந்து சரிந்தது. சிலை அடிபட்டதே தவிர அழியவில்லை. 1949 ஜூலை 22 அன்று புதிய தூணின் மேல் பழைய மன்னரை மறுபடி ஏற்றினார்கள். இந்த நினைவுச்சின்னத்துக்கு வயது என்ன? சிலை ஒரு பதில் சொல்லும், தூண் வேறு பதில் சொல்லும். ஆனால் இந்த இடத்தில் நகரம் ஒரு காரியத்தை மிகச் சரியாகச் செய்திருக்கிறது. முறிந்த இரண்டையும் அப்புறப்படுத்தாமல் பக்கத்திலேயே கிடத்தியிருக்கிறது. வந்து பார்க்கிறவர் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளலாம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் பழைய நகரத்தின் சந்தைச் சதுக்கம். தோளோடு தோள் உரசி நிற்கும் குறுகலான வணிகர் வீடுகள். காவி, பச்சை, இளஞ்சிவப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். சுண்ணப்பூச்சைக் கீறி வரைந்த சித்திரங்கள். கல் பாவிய தரை. பதினேழாம் நூற்றாண்டுக்குள் வந்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் இந்தச் சதுக்கம் மக்களுக்காகத் திறக்கப்பட்டது 1953இல். நிலவறைகளும், சில சுவர்களும், கீழ்த்தள முகப்புகள் சிலவும்தான் பழையவை. மற்றதெல்லாம் போருக்குப் பின் எழுந்தவை. 1980இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அன்று முதல் இதைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் மாறி மாறிச் சொல்லப்படுகின்றன. சாம்பலிலிருந்து ஒரு தேசம் தன் தலைநகரை எழுப்பிய அற்புதம் என்பது ஒன்று. அழகாகச் செய்யப்பட்ட போலி, அவ்வளவே என்பது மற்றொன்று. இரண்டுமே கல்லின் வயதை வைத்து வாதாடுகின்றன. என் வாதம் வேறு. இந்தப் பழைய நகரம் பொய்யல்ல. அது 1945க்கும் 1953க்கும் இடையே எடுக்கப்பட்ட ஒரு முடிவின் மெய்யான சாட்சி. அப்படியானால் அந்த முடிவு எதையெல்லாம் மீட்டது என்பதோடு, எதையெல்லாம் மீட்காமல் விட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வார்சாவின் உண்மை, திரும்பக் கட்டிய தெருக்களில் பாதிதான் இருக்கிறது.

போரில் சேதமடைந்த நகரம் என்று வார்சாவைச் சொன்னால் நடந்தது சரியாக விளங்காது. 1939 செப்டம்பரில் குண்டுகள் விழுந்தன. 17ஆம் தேதி அரண்மனை தீப்பிடித்தது. 1943 ஏப்ரலில் யூதர்கள் அடைக்கப்பட்டிருந்த கெட்டோவில் கிளர்ச்சி வெடித்தது. அதை நசுக்கியபின் அந்தப் பகுதியை வீடு வீடாக எரித்துத் தகர்த்தார்கள். 1944 ஆகஸ்ட் 1 அன்று போலந்தின் தலைமறைவுப் படை நகரத்தை மீட்க எழுந்தது. 63 நாள் சண்டையில் ஒன்றரை லட்சத்துக்கும் குறையாத பொதுமக்கள் செத்தார்கள். இவ்வளவும் போர்க்கணக்கில் சேரும். அதற்குப் பின் நடந்ததற்குப் போர் என்ற சொல் பொருந்தாது. அக்டோபரில் சரணடைதல் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, எஞ்சியிருந்த மக்களை நகரத்தைவிட்டு வெளியேற்றினார்கள். எதிர்த்துச் சுட ஆளில்லாத அந்த ஊருக்குள் எரிக்கும் பிரிவுகளும் வெடிவைக்கும் பிரிவுகளும் நுழைந்து, தெருத் தெருவாக, ஜனவரி வரை வேலை செய்தன. கிராசின்ஸ்கி நூலகத்தில் சேர்த்து வைத்திருந்த அரிய கையெழுத்துப் பிரதிகளைக் கொளுத்தியது சண்டை ஓய்ந்த பிறகுதான். சாக்சன் அரண்மனையை டிசம்பரில் தகர்த்தார்கள். வாஜென்கி பூங்காவின் நீர் மாளிகையில் வெடிமருந்து திணிக்கத் துளைகள் போட்டுவிட்டார்கள். வெடிக்க நேரம் கிடைக்கவில்லை. 1945 ஜனவரி 17 அன்று சோவியத், போலந்துப் படைகள் உள்ளே வந்தபோது விஸ்துலா ஆற்றின் இடக்கரையில் கட்டடங்களில் ஏறக்குறைய 85 விழுக்காடு அழிந்திருந்தன. போருக்கு முன் பதின்மூன்று லட்சம் பேர் வாழ்ந்த நகரம் அது. நூலகத்தையும் அரண்மனையையும் தேடிப் பிடித்து அழித்தவர்களுக்கு வேண்டியது ராணுவ வெற்றி அல்ல. இங்கே ஒரு மக்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கான சான்று இல்லாமல் போக வேண்டும். இதை மனத்தில் வைக்காமல், பிறகு வந்த மீள்கட்டுமானத்தைக் கலைப்பாணி பற்றிய வழக்காக மட்டும் பேசுவது நியாயமாகாது.

ஏனென்றால் அன்றைய பாதுகாப்புக் கலையின் சட்டம் இதற்கு நேர் எதிராக இருந்தது. பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதே அதை அழிப்பதுதான் என்று 1849இலேயே ஜான் ரஸ்கின் எழுதிவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கியோர்க் டெஹியோவும் வியன்னாவின் அலாய்ஸ் ரீகலும் அந்தக் கருத்தை ஒரு துறையின் ஒழுக்கமாகவே ஆக்கினார்கள்: இருப்பதைக் காப்பாற்று, இல்லாததைக் கட்டாதே. போலந்தின் வல்லுநர்கள் இதே பள்ளியில் படித்தவர்கள். தலைநகர் மீள்கட்டுமான அலுவலகம் 1945 பிப்ரவரியில் அமைந்தபோது அதன் நினைவுச்சின்னப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற யான் ஸாஹ்வதோவிச்சும் அந்தக் கொள்கையில் ஊறியவர்தான். போருக்கு முன் பழைய நகரத்தின் மதிலைத் தோண்டியெடுத்துச் சீர்செய்த அனுபவமும் அவருக்கு இருந்தது. தான் செய்யப்போவது துறையின் கண்ணில் பொய் என்று அவருக்குத் தெரியும். அதை அவர் மறைக்கவும் இல்லை. 1946இல் அவர் முன்வைத்த வாதத்தின் சாரம் இது: ஒரு மக்களை ஒழிப்பதற்காகவே அவர்களுடைய சின்னங்கள் பிடுங்கப்பட்டன, அந்தப் பிடுங்கலுக்கு ஒப்புதல் தர முடியாது, அசல் கல்லை இனி யாராலும் தர இயலாது, ஆனால் மக்களின் நினைவிலும் ஆவணங்களிலும் உயிரோடிருக்கும் வடிவத்தையாவது அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தாக வேண்டும். கொள்கை தெரியாமல் மீறுவது வேறு. கொள்கையை முழுதும் அறிந்து, அதன் விலையையும் அறிந்து, பகிரங்கமாக அறிவித்துவிட்டு மீறுவது வேறு. ஸாஹ்வதோவிச் செய்தது இரண்டாவது. அவர்மீது எனக்குள்ள மதிப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மாற்று யோசனைகள் இல்லாமல் இல்லை. தலைநகரை வூச் நகரத்துக்கு மாற்றிவிட்டு வார்சாவின் இடிபாடுகளை அப்படியே நினைவிடமாக விட்டுவிடலாம் என்றார்கள் சிலர். மீள்கட்டுமான அலுவலகத்துக்குள்ளேயே இருந்த நவீனக் கட்டடக் கலைஞர்களோ, அகலமான சாலைகளும் காற்றோட்டமான குடியிருப்புகளுமாக ஒரு புதிய நகரத்துக்கு இனி இப்படியொரு வாய்ப்பு வராது என்று நம்பினார்கள். இந்த விவாதம் முடிவதற்குள் மக்கள் தாங்களே திரும்பி வந்து இடிபாடுகளுக்குள் குடியேறத் தொடங்கிவிட்டார்கள்.

கட்டுவதற்குக் காகிதம் வேண்டும். வார்சாவுக்கு அது கிடைத்த கதை தனியாகச் சொல்லத் தக்கது. வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் போலந்துக் கட்டடக்கலைத் துறை, இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மாணவர்களை ஏணியோடும் அளவுநாடாவோடும் அனுப்பி, நாட்டின் பழைய கட்டடங்களை அங்குலம் அங்குலமாக அளந்து வரைய வைத்தது. ஒரு சன்னலின் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, ஒரு கல்வளைவின் ஆரம் எவ்வளவு என்று பென்சிலில் குறித்த தாள்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. துறைத் தலைவர் ஆஸ்கர் சொஸ்நோவ்ஸ்கி 1939 செப்டம்பர் முற்றுகையின்போது அந்தச் சேகரிப்பைக் காக்கப் போன இடத்தில் படுகாயமடைந்து இறந்தார். அவருக்குப் பின் ஸாஹ்வதோவிச்சும் சகாக்களும் ஆக்கிரமிப்புக்கு நடுவிலும் வரைவதை நிறுத்தவில்லை. 1944இல், அழிந்துகொண்டிருந்த நகரத்திலிருந்து அந்தத் தாள்களை வெளியே எடுத்து, பியோத்ர்கூவ் ஊரிலிருந்த துறவிமடத்தின் கல்லறை அறையில், சவப்பெட்டிகளுக்குள் ஒளித்து வைத்தார்கள். தேசிய அருங்காட்சியகத்தின் ஸ்தானிஸ்வாவ் லோரென்ட்ஸ் அரண்மனையிலிருந்து கதவுகள், சிற்பத் துண்டுகள், மரவேலைப்பாடுகள் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் பெயர்த்துக் காப்பாற்றினார். மீள்கட்டுமான அலுவலகத்தின் ஆவணக் காப்பகத்தை 2011இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. என்னைக் கேட்டால், பழைய நகரத்தின் எந்த வீட்டையும்விட அசலான பொருள் அந்தக் காகிதங்கள்தான்.

இத்தனை துல்லியமான ஆவணங்கள் இருந்தும் கட்டியெழுப்பியது 1939இல் இருந்த நகரத்தை அல்ல என்பதுதான் இந்த வரலாற்றில் கவனிக்கப்படாத பகுதி. புனித யோவான் பேராலயத்தைப் பாருங்கள். போருக்கு முன் அதன் முகப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய கோதிக் பாணியைப் பின்பற்றி ஆடம் இத்ஸ்கோவ்ஸ்கி அமைத்தது. படங்கள் ஏராளமாக இருந்தன. வேண்டியிருந்தால் அதையே கட்டியிருக்கலாம். ஸாஹ்வதோவிச் அதை விட்டுவிட்டு, மசோவியப் பகுதியின் பழைய செங்கல் கோதிக் பாணியில் புது முகப்பொன்றை வடிவமைத்தார். நகர மதிலின் முகப்புக் காவல் அரணான பார்பகன் 1548இல் கட்டப்பட்டது. நாளடைவில் அதன் பெரும்பகுதி இடிந்து, மிச்சம் அண்டை வீடுகளுக்குள் கரைந்துவிட்டது. ஹிட்லரின் படை வருமுன்பே காணாமல் போயிருந்த அந்த அரணை 1950களின் தொடக்கத்தில் முழுமையாக எழுப்பினார்கள். சந்தைச் சதுக்க வீடுகளின் பின்கட்டுகளையும் இருண்ட முற்றங்களையும் திரும்பக் கட்டவே இல்லை. போருக்கு முன் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்த இடங்கள் வெளிச்சமும் மரங்களுமாகத் திறந்துவிடப்பட்டன. முகப்புக்குப் பின்னால் இருந்தவை தண்ணீர்க் குழாயும் வெப்பமூட்டும் வசதியும் கொண்ட புதிய குடியிருப்புகள். சுவர்ச் சித்திரங்களில் பல 1953ஆம் ஆண்டின் ஓவியர்கள் தங்கள் கற்பனையில் வரைந்தவை. போலி என்று இதைத் தள்ளுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். போலிக்கு ஓர் அசல் இருக்கும். அந்த அசலோடு ஒத்துப்போவதுதான் அதன் நோக்கமாக இருக்கும். இங்கே அப்படியோர் அசல் ஒரே சமயத்தில் என்றுமே இருந்ததில்லை. பதினைந்தாம் நூற்றாண்டு ஆலயம், பதினாறாம் நூற்றாண்டு அரண், பதினேழாம் நூற்றாண்டு வீடு, இருபதாம் நூற்றாண்டு முற்றம் ஆகிய நான்கும் ஒன்றாக நிற்பது 1950களில் எழுந்த இந்த நகரத்தில்தான்.

எந்தக் காலத்து வார்சாவைக் கட்டுவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வந்த விடை பதினெட்டாம் நூற்றாண்டு. இதற்குப் பெர்னார்டோ பெலோட்டோவைக் காரணம் சொல்வார்கள். தன் மாமன் கனலெட்டோவின் பெயரையே சூடிக்கொண்ட வெனிஸ் ஓவியர் அவர். கடைசி மன்னர் ஸ்தானிஸ்வாவ் ஆகஸ்டின் அவை ஓவியராக இருந்து, 1780இல் வார்சாவிலேயே காலமானார். இருட்டறைப் பெட்டியின் உதவியோடு தெருக்களை நுணுக்கமாக வரைந்தார். அவர் படங்களைப் பார்த்தே பழைய நகரம் கட்டப்பட்டது என்பது வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் கதை. அது பாதிதான் சரி. அவர் தூரிகை அதிகம் உலவியது அரண்மனையிலிருந்து தெற்கே செல்லும் ராஜபாட்டையிலும் பிரபுக்களின் மாளிகைகள் இருந்த வீதிகளிலும். சந்தைச் சதுக்கத்து வீடுகளுக்கு ஆதாரம் மாணவர்களின் அளவு வரைபடங்களும் புகைப்படங்களும்தான். ராஜபாட்டையில் மட்டும் பெலோட்டோவின் செல்வாக்கு வெளிப்படையாகத் தெரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீடுகள்மீது ஏற்றிய மாடிகளும் ஒட்டிய அலங்காரங்களும் அங்கே பல இடங்களில் திரும்பி வரவில்லை. இது ரசனை மட்டுமல்ல. 1795இல் போலந்து மூன்று வல்லரசுகளால் பங்கிடப்பட்டு வரைபடத்திலிருந்தே மறைந்தது. 1815க்குப் பின் ஒரு நூற்றாண்டுக்காலம் வார்சா ரஷ்ய ஜார்களின் கீழ் இருந்தது. தேசியவாதிகளின் கண்ணில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அடிமைக் காலம். 1945க்குப் பின் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்டுகளின் கண்ணிலோ அது வாடகைக்காக மனிதர்களை அடுக்கி வைத்த முதலாளிகளின் காலம். ஏறக்குறைய எல்லாவற்றிலும் முரண்பட்ட இந்த இரு தரப்பாரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்: பத்தொன்பதாம் நூற்றாண்டு வார்சாவுக்காக யாரும் அழவில்லை. இந்த ஒற்றுமையின் விளைவு என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். வார்சாவை ஏற்றுக்கொண்டால் உலகெங்கும் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் இடித்துவிட்டு, பழையதுபோலக் கட்டிக்கொள்ளலாமே, பாதுகாப்பு என்ற சொல்லுக்கே பொருளில்லாமல் போகாதா என்பது அது. நேர்மையான அச்சம். யுனெஸ்கோவுக்கும் இதே தயக்கம் இருந்தது. கிராக்கோவின் பழைய நகரம் 1978இல், முதல் பட்டியலிலேயே இடம்பிடித்தது. வார்சா இரண்டாண்டு காத்திருக்க நேர்ந்தது. சேர்த்தபோதும், இதைப் பதினேழாம் நூற்றாண்டு நகரமாக அல்ல, முழுமையான மீள்கட்டுமானத்தின் தனிச்சிறந்த எடுத்துக்காட்டாகத்தான் சேர்த்தார்கள். இதைவிட வலுவான பதில் ஸாஹ்வதோவிச்சின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1964இல் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் பழங்கட்டடப் பாதுகாப்புக்கான சாசனத்தை எழுதினார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்வது அந்தச் சாசனம். அதை எழுதிய குழுவில் ஸாஹ்வதோவிச் இருந்தார். மறு ஆண்டு, அந்தச் சாசனத்தைக் காப்பதற்கான சர்வதேச அமைப்பு வார்சாவிலும் கிராக்கோவிலும் கூடித் தோன்றியது. இதை முரண்பாடு என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. காலமும் அலட்சியமும் பேராசையும் அழித்ததைப் போலிசெய்து ஈடுகட்டாதே என்பது விதி. ஒரு மக்களின் நினைவைக் குறிவைத்து அழித்ததை அந்த மக்களே, தங்களிடமுள்ள சான்றுகளைக் கொண்டு, செய்வதைச் சொல்லிவிட்டு மீட்பது விலக்கு. விலக்கை வழக்கமாக்கிவிடக் கூடாது என்று அவரே கையொப்பமிட்டார்.

இன்னோர் ஆட்சேபம் அரசியல் சார்ந்தது. இதெல்லாம் ஸ்டாலின் கால ஆட்சியின் விளம்பரம் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. 1945 அக்டோபரில், அன்றைய ஆட்சியின் தலைவர் பியெருட்டின் பெயரால் வழங்கும் ஆணை வார்சாவின் நிலம் முழுவதையும் நகராட்சிக்கு மாற்றியது. அந்த ஆணை இல்லாமல் இவ்வளவு வேகமாக, இவ்வளவு ஒருங்கிணைப்போடு கட்டியிருக்க முடியாது. பறிகொடுத்தவர்களின் வாரிசுகள் இன்றுவரை வழக்காடுகிறார்கள். செங்கல்லின் கதை அதைவிடச் சங்கடமானது. போருக்குப் பின் ஜெர்மனியிடமிருந்து போலந்துக்கு வந்த வ்ரோத்ஸ்வாஃப், நிசா போன்ற மேற்கு நகரங்களில் பழைய கட்டடங்களை உடைத்து, செங்கற்களை ரயிலேற்றி வார்சாவுக்கு அனுப்பினார்கள். பார்பகனின் செங்கல் அங்கிருந்து வந்ததுதான். ஒரு நகரத்தின் பழமையை உதிர்த்து இன்னொரு நகரத்தின் பழமையைப் பூசினார்கள். எனினும் முழுக் கதையையும் ஆட்சியின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆட்சிக்கு அரண்மனை பிடிக்கவில்லை. மன்னர்களின் வீடு என்பதோடு, 1791 மே 3 அன்று போலந்தின் அரசியல் சாசனம் நிறைவேறிய இடமும் அதுதான். எனவே சுற்றிலும் எல்லாம் எழுந்து நின்ற பிறகும் அரண்மனை இருந்த இடம் காலிமனையாகவே கிடந்தது. 1971இல்தான் அனுமதி கிடைத்தது. மக்கள் பணமும் நகையும் உழைப்பும் தந்தார்கள். 1984இல் அரண்மனை திறந்தது. லோரென்ட்ஸ் காப்பாற்றிய துண்டுகள் மறுபடி சுவரில் பொருந்தின.

எனக்குப் பதில் சொல்ல முடியாத ஆட்சேபம் ஒன்று உண்டு. பழைய நகரத்துக்கு மேற்கே, நடந்தே போகும் தொலைவில், முரானுவ் என்ற பகுதி இருக்கிறது. போருக்கு முன் வார்சாவின் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் யூதர்கள். நலேவ்கி, கென்சியா, மிவா என்று அவர்களுடைய தெருக்கள், பள்ளிகள், அச்சகங்கள், நாடக அரங்குகள் நிறைந்திருந்த இடம் இது. 1940 இலையுதிர்காலத்தில் இங்கே சுவர் எழுப்பி, மூன்று சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய பரப்பில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்தார்கள். 1942 ஜூலை 22 அன்று திரெப்லிங்காவின் கொலைக்கூடத்துக்கு ரயில்கள் புறப்படத் தொடங்கின. 1943 மே மாதம், கிளர்ச்சி ஒடுங்கியதன் அடையாளமாக, த்வொமாட்ஸ்கியே தெருவிலிருந்த பெரிய யூத ஆலயத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த ஆலயம் திரும்பக் கட்டப்படவில்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு நீலக் கண்ணாடிக் கோபுரம் நிற்கிறது. நலேவ்கித் தெருவும் அதன் வீடுகளும் திரும்பவில்லை. அவை பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள் என்பது மேலே சொன்ன ஒற்றுமையின் விளைவைக் காட்டுகிறது. யாரும் யூத வார்சாவைக் கட்டக் கூடாது என்று ஆணை போட்டிருக்க வேண்டியதில்லை. எந்த நூற்றாண்டு அழகானது, எது தேசத்தின் முகம் என்று முடிவு செய்ததிலேயே அது விழுந்துபோனது. சந்தைச் சதுக்கத்தைக் கோலாகலமாகத் திறந்ததும் ஒரு ஜூலை 22 அன்றுதான், 1953இல். அது புதிய ஆட்சியின் தேசிய நாள் என்பதால் அமைந்த தேதி. ரயில்கள் புறப்பட்டு அன்றோடு சரியாகப் பதினோராண்டு. யாரும் திட்டமிட்டதல்ல. அதனாலேயே அந்தத் தேதி என்னை உறுத்துகிறது.

இதற்கும் பதில் சொல்வார்கள். திரும்பி வர மக்கள் இருந்தால்தானே தெருவைக் கட்டலாம், கொல்லப்பட்டவர்களின் வீடுகளை மட்டும் அழகாக எழுப்பி யாரைக் குடிவைப்பது என்பார்கள். இது வலுவான வாதம். ஆளில்லாத ஒரு யூதத் தெருவின் முகப்பை வண்ணம் தீட்டி நிறுத்தியிருந்தால் அது பெரிய பொய்யாகியிருக்கும். அந்தப் பகுதியின் வடிவமைப்பாளர் போஹ்தான் லாஹெர்ட் இதை உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். அகற்ற முடியாத அளவுக்குக் குவிந்து கிடந்த இடிபாட்டை அவர் அகற்றவில்லை. அதையே மேடாக்கி அதன்மேல் குடியிருப்புகளை நிறுத்தினார். உடைந்த செங்கல்லை அரைத்துச் சிமெண்டோடு கலந்து செய்த கட்டிகளால் சுவர் எழுப்பினார். பூச்சு வேண்டாம், சுவரின் நிறமே இங்கே நடந்ததைச் சொல்லட்டும் என்பது அவர் திட்டம். பழைய நகரத்தில் ஸாஹ்வதோவிச் எடுத்த முடிவுக்கு நேர் எதிரான, ஆனால் அதே அளவு உண்மையான முடிவு இது. ஒன்று வடிவத்தைக் காத்துப் பொருளை விட்டது; மற்றொன்று பொருளைக் காத்து வடிவத்தை விட்டது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தால் வார்சா தன் முழுக் கணக்கையும் காட்டியிருக்கும். ஆனால் குடிவந்தவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அந்தப் பழுப்புச் சுவர்கள் சோர்வூட்டின. 1950களின் தொடக்கத்திலேயே அவற்றுக்கு வெள்ளைப் பூச்சும் அலங்காரமும் வந்துவிட்டன. போலந்து யூதர்களின் ஆயிரமாண்டு வரலாற்றைச் சொல்லும் போலின் அருங்காட்சியகம் முரானுவில் தன் நிரந்தரக் காட்சியைத் திறக்க 2014 ஆனது.

வார்சா இன்னும் கட்டி முடிக்கவில்லை. சாக்சன் அரண்மனையைத் திரும்ப எழுப்ப 2021இல் சட்டம் இயற்றினார்கள். அந்த அரண்மனையில் தப்பியது நெடிய தூண்வரிசையின் சில வளைவுகள் மட்டும். அவற்றின் அடியில் பெயரறியாப் போர்வீரனின் கல்லறை, அணையா விளக்கோடு இருக்கிறது. முறிந்த அந்த வளைவுகளே எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நினைவுச்சின்னமாக நின்றுவிட்டன. அவற்றை முழு மாளிகைக்குள் விழுங்கச் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். 1946இல் ஸாஹ்வதோவிச்சுக்கு இருந்த நெருக்கடி இன்று யாருக்கும் இல்லை. அன்று நினைவைக் காப்பதற்கு வேறு வழியில்லை. இன்று இடிபாடே நினைவைக் காத்து நிற்கிறது. அங்கே செலவழியும் கவனத்தில் ஒரு பங்கு முரானுவுக்கு வந்தால் போதும். அங்கே கட்டடங்கள் பல தெரு மட்டத்தில் இல்லை. நடைபாதையிலிருந்து ஏழெட்டுப் படிகள் ஏறித்தான் வாசலை அடைய வேண்டும். பக்கத்துப் புல்மேடு சரிந்து இறங்குகிறது. பூச்சு உதிர்ந்த ஒரு மூலையில் சுவரைக் கூர்ந்து பார்த்தால், சாம்பல் நிறக் கட்டிக்குள் நகக்கண் அளவுக்குச் சிவப்புச் சில்லுகள் தெரியும். அவை நலேவ்கியின், மிவாவின், கென்சியாவின் வீட்டுச் செங்கற்கள்.